இறுக்கிப் பிடி, விடு: சிகாகோவிலிருந்து மதுரை வார்டு வரை ஒரு பயிற்சியின் கதை

இன்னைக்குப் புற்றுநோய் பத்திப் பேசப் போறோம். வீட்ல யாராவது சிகிச்சையில இருந்து, இப்போ கேக்குற மனநிலை இல்லைன்னா விட்டுருங்க, இன்னொரு நாள் வாங்க. எபிசோட் எங்கயும் ஓடிப் போகாது. படிக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு: இது பேசினதோட எழுத்து வடிவம். நான் இழுத்த இடங்களை மட்டும் கொஞ்சம் வெட்டியிருக்கோம்.

போன வருஷம் என் பெரியம்மாவுக்கு மார்பகத்துல புற்றுநோய்னு தெரிஞ்சுது. பெரியம்மாவுக்கு ஊர் சிவகாசிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். இருபது வருஷத்துக்கு மேல பட்டாசு ஆலையில வேலை பார்த்தவங்க. முதல்ல திரி வேலை, அப்புறம் சரம் பின்னுற வேலை. கீமோவுக்கு மதுரைக்குப் போகணும். விடியக்காலை பஸ் பிடிச்சா ரெண்டு மணி நேரத்துல போயிரலாம். சென்னையிலிருந்து நான் ரெண்டு தடவை கூடப் போனேன். அதுல ஒரு தடவை நடந்ததுதான் இந்த எபிசோடுக்குக் காரணம்.

டிரிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு இளம்பெண் வந்தாங்க. அந்த வார்டோட ஆலோசகர். பெரியம்மா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, கண்ணை மூடச் சொன்னாங்க. "வலது கையை இறுக்கி மூடுங்கம்மா... அப்படியே வச்சிருங்க... இப்ப மெதுவா விடுங்க. எப்படி இருக்குன்னு மட்டும் கவனிங்க." பத்து நிமிஷம் இப்படியே. அவங்க அடுத்த பெட்டுக்குப் போனதும் பெரியம்மா என்கிட்ட மெதுவா சொன்னாங்க: "ஏய்யா, நாள் பூரா திரி பிடிச்ச கை இது. இவுக விடுன்னு சொன்னா விட்டுருமா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆனா திரும்பி வர்ற பஸ்ல அந்தக் கேள்வியே மண்டைக்குள்ள ஓடிச்சு. இறுக்கிப் பிடிச்சு விடுறதால என்ன ஆகும்? இதை யாரு கண்டுபிடிச்சாங்க? புற்றுநோய் வார்டுக்குள்ள இது எப்படி வந்துச்சு? தேட ஆரம்பிச்சேன். தேடினா, கதை ஒரு வெடிச் சத்தத்துல இருந்து தொடங்குது. சிவகாசிக்காரனுக்கு இதைவிட என்ன வேணும்!

எட்மண்ட் ஜேக்கப்சன் 1888-ல சிகாகோவுல பிறந்தவர். சின்னப் பையனா இருக்கும்போது ஒரு ஹோட்டல் தீ விபத்துக்கு அப்புறம், தனக்குத் தெரிஞ்ச பெரியவங்க பதற்றத்துல ஆளே மாறிப்போனதைப் பார்த்தது அவர் மனசுல தங்கிடுச்சுன்னு அவரைப் பத்தி எழுதினவங்க சொல்றதுண்டு. ஹார்வர்டுல ஆராய்ச்சிக்குப் போனவர் எடுத்துக்கிட்ட விஷயம் திடுக்கிடுதல். எதிர்பாராம ஒரு பெரிய சத்தம் கேட்டா உடம்பு தூக்கிவாரிப் போடுது இல்லையா, அதேதான். கழுத்து உள்ள போகுது, தோள் ஏறுது, கண்ணு மூடுது. நாம முடிவு பண்ணி இதைச் செய்றதில்ல. சத்தம் எதுன்னு மூளை யோசிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே தசை சுருங்கிருது.

ஜேக்கப்சன் கவனிச்சது இதுதான்: உடம்பை நல்லாத் தளர்த்தி வச்சிருந்தவங்ககிட்ட அந்தத் தூக்கிவாரிப் போடுறது வெளிப்படையாத் தெரியல. சத்தம் அதே சத்தம், காதும் கேக்குது, ஆனா உடம்பு துள்ளல. பயம் மனசுல மட்டும் இருக்குற விஷயம் இல்ல, அது தசையிலயும் இருக்கு, தசையைத் தளர்த்தினா பயத்துக்குத் தங்க இடம் குறையும்னு அவர் நம்ப ஆரம்பிச்சார். 1929-ல அவரோட 'புரோகிரசிவ் ரிலாக்சேஷன்' புத்தகம் வந்துச்சு. 1934-ல பொதுமக்களுக்காக ஒண்ணு, 'யூ மஸ்ட் ரிலாக்ஸ்'. தலைப்பே ஒரு அதட்டல் மாதிரி இருக்கும்.

ஆள் விடாப்பிடியானவர். தசை உண்மையிலேயே தளர்ந்துச்சா, இல்ல தளர்ந்த மாதிரி நடிக்குதான்னு தெரிஞ்சுக்க, பெல் டெலிபோன் ஆய்வகத்தோட உதவியோட ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு மின்சாரத்தைக்கூட அளக்குற கருவி வச்சுப் பார்த்தார். சொல்லிக்கொடுக்குறதுலயும் அவருக்கு அவசரமே கிடையாது. ஒரு கைக்கு மட்டும் பல நாள். அப்புறம் அடுத்த கை. முழு உடம்பையும் முடிக்க மாசக்கணக்குல ஆகும்.

இங்க ஒரு சின்ன விலகல். ஜேக்கப்சன் சிகாகோவுல இந்த வேலை பார்த்துக்கிட்டிருந்த அதே 1920-களின் தொடக்கத்துலதான், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. தீப்பெட்டி, அப்புறம் பட்டாசு, அப்புறம் அச்சுன்னு ஊரே மாறுச்சு. எங்க ஊர்க்காரங்களுக்குச் சத்தம்னா என்னன்னு சென்னை நண்பர்களுக்குப் புரிய வைக்கிறது கஷ்டம். தீபாவளிக்கு உங்களுக்கு அது கொண்டாட்டம். எங்களுக்குப் பகல்ல, ஷிஃப்ட் நேரத்துல, கனமா ஒரு சத்தம் கேட்டா, தெருவுல எல்லாரும் வெளிய வந்து எந்தப் பக்கம் புகைன்னு பார்ப்பாங்க. அடுத்த நிமிஷம் எல்லார் கையிலயும் போன். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஒரே விபத்துல 30-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அந்த மாதிரி நாட்களைக் கடந்து வந்த உடம்பு பெரியம்மாவோடது. கதவு சாத்துற சத்தத்துக்குக்கூட அவங்க தோள் ஏறி இறங்கும். நான் அதைச் சின்ன வயசுலேருந்து பார்த்திருக்கேன். ஆனா அது 'பதற்றம்'னு எனக்கு ஒருநாளும் தோணினதில்ல, பெரியம்மாவோட சுபாவம்னு நினைச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க ஊர்ல 'மருந்து'ன்னா முதல் அர்த்தம் மாத்திரை இல்ல, பட்டாசுக்குள்ள போற ரசாயனக் கலவை. மருந்து கலக்குற அறை, மருந்து செலுத்துற வேலைன்னு விபத்துச் செய்தியில படிச்சிருப்பீங்க. மதுரையில நர்ஸ் வந்து "அம்மா, இப்ப மருந்து ஏத்தப் போறோம்"னு சொன்னப்ப பெரியம்மா முகம் போன போக்கை நான் பார்த்தேன். (பட்டாசு வேலையாலதான் புற்றுநோய் வந்துச்சான்னு நிறைய பேர் கேக்குறீங்க. பெரியம்மா விஷயத்துல அப்படிச் சொல்ல என்கிட்ட ஆதாரம் எதுவும் இல்ல, அதனால சொல்ல மாட்டேன்.)

சரி, கதைக்கு வருவோம். ஜேக்கப்சனோட முறை ரொம்ப நீளம், ஆஸ்பத்திரிக்கு ஆகாது. அதைச் சுருக்கினவர் தென்னாப்பிரிக்காவுல பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி. 1958-ல வந்த அவரோட புத்தகத்துல, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கிப் போக்குற சிகிச்சைக்கு இந்தத் தளர்வுப் பயிற்சியை அடிப்படையா வச்சார். மாசக்கணக்கு வாரக்கணக்காச்சு. 1973-ல பெர்ன்ஸ்டீன், போர்க்கோவெக்னு ரெண்டு பேர் பயிற்சியாளர்களுக்கான கையேடு போட்டாங்க: உடம்பைப் பதினாறு தசைக் கூட்டமாப் பிரி, ஒவ்வொண்ணையும் 5-லிருந்து 7 நொடி இறுக்கு, விடு, அரை நிமிஷம் போல அந்த வித்தியாசத்தைக் கவனி. பழகினதும் பதினாறை ஏழாக்கு, அப்புறம் நாலாக்கு. மதுரையில அந்தப் பொண்ணு செஞ்சது கிட்டத்தட்ட இதேதான்.

ஆனா இதுவரைக்கும் புற்றுநோயே வரல பாருங்க. அது வந்த வழி வேற: வாந்தி.

1978-ல அமெரிக்காவுல சிஸ்பிளாட்டின் மருந்துக்கு அனுமதி கிடைச்சுது. பல புற்றுநோய்கள்ல உயிரைக் காப்பாத்தின மருந்து. ஆனா அது கொடுத்த வாந்தி கொஞ்சநஞ்சம் இல்ல. அதைவிட விசித்திரமா ஒண்ணு நடந்துச்சு. நாலஞ்சு தடவை கீமோ எடுத்தவங்களுக்கு, மருந்து ஏறுறதுக்கு முன்னாடியே குமட்ட ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரி வாசனை, நர்ஸோட முகம், சிலருக்கு அந்த ரோட்டுல திரும்பினாலே போதும். மணியடிச்சா எச்சில் ஊறுற பாவ்லோவோட நாய் கதைதான், மனுஷங்க உடம்புல. சிலர் இதனாலேயே சிகிச்சையைப் பாதியில விட்டாங்க. விட்டா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

1979-லிருந்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல தாமஸ் பரிஷ் அப்படிங்கிற உளவியலாளர் குழு, கீமோவுக்கு முன்னாடியும் கீமோ ஏறும்போதும் ஜேக்கப்சன் வழியில வந்த தசைத் தளர்வையும், கூடவே மனசுல அமைதியான ஒரு இடத்தைக் கற்பனை பண்ற பயிற்சியையும் கொடுத்துப் பார்த்தாங்க. பயிற்சி எடுத்தவங்களுக்குக் குமட்டலும் குறைஞ்சுது, பதற்றமும் குறைஞ்சுது. சத்தத்துக்குத் திடுக்கிடுறதை ஆராயப் போன ஒரு வேலை, எழுபது வருஷம் கழிச்சு ஒரு டிரிப் பாட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு.

1991-ல ஆன்டான்செட்ரான் வந்துருச்சு. இன்னைக்கு வாந்திக்குச் சாதாரணமா எழுதித் தர்றாங்களே, அந்த மாத்திரைதான். வாந்திப் பிரச்சினை பெருமளவு மாத்திரைக்குப் போயிருச்சு. அப்போ இந்தப் பயிற்சியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடல. ஏன்னா அதுக்குள்ள இன்னொரு கேள்வி எழுந்திருந்துச்சு.

அந்தக் கேள்வியைக் கேட்டவங்க ஜிம்மி ஹாலண்ட். நியூயார்க்ல ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்துல 1977-ல மனநலப் பிரிவைத் தொடங்கின மருத்துவர். கட்டி எத்தனை சென்டிமீட்டர், ரத்த அணு எத்தனைன்னு எல்லாத்தையும் அளக்குறோம், உள்ள எப்படி இருக்கீங்கன்னு ஏன் யாரும் கேக்கலைங்கிறதுதான் அவங்க வாழ்நாள் வேலை. சைக்கோ ஆன்காலஜிங்கிற துறையே அவங்க பேரோட சேர்ந்துதான் பேசப்படுது. 1990-களோட கடைசியில அவங்க வட்டாரத்துல இருந்து வந்ததுதான் 'டிஸ்ட்ரஸ் தெர்மாமீட்டர்': ஒரு காகிதத்துல தெர்மாமீட்டர் படம், பூஜ்யத்துல இருந்து பத்து வரை, இந்த வாரம் எவ்வளவு கஷ்டம்னு ஒரு எண்ணை வட்டம் போடணும். டிப்ரஷன், மனநோய் மாதிரி வார்த்தைகளைச் சொன்னா நோயாளிங்க வாயை மூடிக்குவாங்கன்னுதான் 'டிஸ்ட்ரஸ்'னு ஒரு சாதாரண வார்த்தையைத் தேர்ந்தெடுத்தாங்க.

தமிழ்ல நமக்கு அந்த வசதி ஏற்கனவே இருக்கு. மனசு சரியில்ல, நெஞ்சு அடைக்குது, படபடன்னு வருது. தீர்வுக்கான வார்த்தையும் உடம்புலயே இருக்கு: ஆறுதல், இளைப்பாறுதல். காபியை ஆத்துறோம், புண் ஆறுது, மனசு ஆறுது, எல்லாத்துக்கும் ஒரே ஆறு. இளைப்புன்னா மூச்சு வாங்குறது, அது ஆறினா இளைப்பாறுதல்.

நடுவுல இந்த வரலாறு ஒரு தப்பான ரோட்டுலயும் போச்சு, அதைச் சொல்லாம விட முடியாது. 1978-ல கார்ல் சைமன்டன்ங்கிற கதிர்வீச்சு மருத்துவர் வேற ரெண்டு பேரோட சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார். தளர்ந்து உக்காந்து, உங்க வெள்ளை அணுக்கள் புற்றுச் செல்லைத் தாக்குறதாக் கற்பனை பண்ணுங்க, நோயோட போக்கே மாறலாம்ங்கிற நம்பிக்கையைப் பரப்பின புத்தகம். பயங்கரமா வித்துச்சு. ஆனா கற்பனையால கட்டி கரையும்னு நிரூபணம் ஆகல. இதோட விஷம் எங்க இருக்குன்னா, நோய் திரும்பி வந்தா நீ சரியாக் கற்பனை பண்ணல, உன் மனசுல தெம்பு பத்தலன்னு பழி நோயாளி மேலயே வந்து விழும். ஹாலண்ட் 2000-ல வெளிவந்த தன் புத்தகத்துல, 'பாசிட்டிவா இரு'ங்கிற கொடுங்கோன்மையைப் பத்தி ஒரு அத்தியாயமே எழுதினாங்க. நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு அதை யாராவது மொழிபெயர்த்து அனுப்பலாம். பெரியம்மாவுக்கு வந்த ஃபார்வர்டுகளைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

தளர்வுப் பயிற்சி புற்றுநோயைக் குணப்படுத்தாது. பதற்றத்தைக் குறைக்கும். 2023-ல அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, மனக்கவனப் பயிற்சியை முதல் வரிசையில வச்சு, சிகிச்சைக் காலப் பதற்றத்துக்கு யோகா, இசை சிகிச்சை, தளர்வுப் பயிற்சி இதையெல்லாம் தரலாம்னு சொல்லுது. அவ்வளவுதான் அதோட எல்லை. என்னைக் கேட்டா அதுவே நிறைய.

'இதெல்லாம் நம்ம சவாசனம்தானே'ன்னு இந்நேரம் ஒருத்தராவது நினைச்சிருப்பீங்க. பாதி சரி. பதினஞ்சாம் நூற்றாண்டு ஹடயோக பிரதீபிகையில பிணம் மாதிரி மல்லாந்து படுக்குற ஆசனம் இருக்கு. களைப்பைப் போக்கும்னு அதுலயே இருக்கு. 1969-ல மும்பையில டாக்டர் கே.கே.தாத்தே குழு சவாசனத்தை ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டாங்க. ஆனா கால் விரல்ல இருந்து தொடங்கி ஒவ்வொரு உறுப்பாத் தளர்த்திக்கிட்டு வர்ற இன்றைய யோகா வகுப்பு முறையில மேற்கத்தியத் தளர்வுப் பயிற்சிகளோட சாயல் நிறைய இருக்குன்னு மார்க் சிங்கிள்டன் மாதிரி யோகா வரலாற்றாளர்கள் காட்டியிருக்காங்க. அங்கிருந்து இங்க வந்துச்சு, இங்கிருந்து அங்க போச்சு. யாரோட சொத்துன்னு சண்டை போடுறதுல எனக்கு ஆர்வம் இல்ல. பெங்களூருவுல ராகவேந்திர ராவ் குழு மார்பகப் புற்றுநோய் நோயாளிகளுக்கு கீமோ காலத்துல யோகா கொடுத்து, குமட்டலும் பதற்றமும் குறைஞ்சதை 2007-ல வெளியிட்டாங்க. நம்ம ஊர்ப் பக்கத்துப் பெண்கள்கிட்ட நடந்த வேலை, அது எனக்கு முக்கியமாப் படுது.

தமிழ்நாட்டுல இந்தக் கதை அடையாறுல தொடங்குது. முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை 1923-ல புற்றுநோய்ல இறந்தாங்க. ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வேணும்னு அவங்க அரசாங்கத்துக் கதவைத் தட்டினப்ப, புற்றுநோய் வந்தா சாகத்தானே போறாங்க, ஆஸ்பத்திரி எதுக்குங்கிற தொனியில பதில் வந்ததை டாக்டர் வி.சாந்தா பின்னாடி நினைவுகூர்ந்திருக்காங்க. 1954-ல பன்னிரண்டு படுக்கையோட அடையாறு புற்றுநோய் மையம் திறந்துச்சு. அடுத்த வருஷம் சாந்தா சேர்ந்தாங்க, 2021 ஜனவரியில இறக்குற வரைக்கும் அங்கேயேதான். அந்த மையத்துல உளவியல் புற்றுநோயியலுக்குன்னு தனித் துறை உருவாச்சு. 2005-ல டாக்டர் ஈ.விதுபாலாவும் சக ஆய்வாளர்களும், இந்தியச் சூழலுக்குப் பொருந்துற மாதிரி நோயாளிகளோட வாழ்க்கைத் தரத்தை அளக்குற 38 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலைச் சரிபார்த்து வெளியிட்டாங்க. சின்ன விஷயமாத் தெரியலாம். ஆனா நியூயார்க் கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்தா மட்டும் பத்தாது. ஒரு கூலித் தொழிலாளிக்கு எது கஷ்டம்? பஸ் காசு, போன நாளோட கூலி, வீட்ல சோறு யார் வைப்பா, இதுவும்தான்.

இங்கதான் எனக்கு ஒரு சங்கடம். பெரியம்மாவுக்கு என்ன நோய்னு நாங்க சொல்லல. 'கட்டி'ன்னு மட்டும்தான் சொன்னோம். அண்ணன்மார் முடிவு, நானும் தலையாட்டினேன். அந்த வார்டுல பாதிப் பேர் வீட்ல இப்படித்தான் இருக்கும். நோயோட பேரையே மறைச்சு வச்சுட்டு, 'உங்க கஷ்டம் பத்துக்கு எத்தனை'ன்னு எப்படிக் கேக்குறது? கையை விடச் சொல்ற அந்தப் பொண்ணு ஒரு பக்கம், வாயைத் திறக்கக் கூடாதுன்னு சைகை காட்டுற நாங்க இன்னொரு பக்கம். மூணாவது கீமோவுக்கு அப்புறம் பெரியம்மாவே கேட்டாங்க: "மொட்டையாக்குற கட்டி எந்த ஊர்ல இருக்குய்யா?" நான் பதில் சொல்லல. அவங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அந்த வார்டுல யாரோட தசை ரொம்ப இறுகியிருந்துச்சுன்னு அளந்திருந்தா ஜேக்கப்சன் கருவி என் பக்கம்தான் காட்டியிருக்கும்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் நானே சொன்னேன். அழுதாங்க. அப்புறம் "தெரியும்"னாங்க. எப்பத்துலேருந்துன்னு கேட்டேன். முதல் நாள்லேருந்தேன்னு சொன்னாங்க. எங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு கேக்கலையாம்.

கடைசியா, ஒரு உதவி செய்யலாம்னு நினைச்சேன். ஸ்டூடியோ இருக்கு, மைக் இருக்கு. நல்ல தமிழ்ல, எங்க ஊர்ப் பேச்சுல ஒரு இருபது நிமிஷத் தளர்வுப் பயிற்சி ரெக்கார்டு பண்ணி இந்த எபிசோடோட சேர்த்துப் போடலாம்னு திட்டம். அப்பதான் கார்டன் பால், டிரிம்பிள் ரெண்டு பேரும் 1970-ல வெளியிட்ட ஆய்வு கண்ணுல பட்டுச்சு. ஒலிநாடாவுல கேட்டுச் செஞ்சவங்களைவிட, பக்கத்துல ஒரு ஆள் இருந்து, அவங்க வேகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தவங்களுக்குத்தான் உடம்பு நல்லாத் தளர்ந்துச்சு. பாட்காஸ்ட் நடத்துறவனுக்கு இது கசப்பான செய்திதான். டேப் காத்திருக்காது. கை இன்னும் விடலன்னு அதுக்குத் தெரியாது.

அதனால ரெக்கார்டிங் போடல. 2021-லேருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு வீட்டுக்கே ஆள் வர்றாங்க. அந்தக் கைகளுக்கு இந்தப் பத்து நிமிஷப் பயிற்சியையும் கத்துக் கொடுத்தா என்னன்னு எனக்கு ஒரு ஆசை. வீட்ல யாருக்காவது நீங்களே சொல்லிக் கொடுக்கப் போறீங்கன்னா, முதல்ல மருத்துவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை, ஊசி போட்ட கை, நோய் பரவின எலும்பு, இங்கெல்லாம் இறுக்கச் சொல்லக் கூடாது. இறுக்காம வெறுமனே தளர்த்துறதும் பயிற்சிதான், ஜேக்கப்சனுக்கே அதுதான் முக்கியம்.

பெரியம்மாவுக்கு வலது பக்கம் ஆபரேஷன் ஆகியிருக்கு. அதனால நாங்க இடது கைல இருந்து தொடங்குறோம், நான் போன்ல சொல்லச் சொல்ல. பக்கத்துல இருக்குற மாதிரி ஆகாது, ஆனா டேப்பும் இல்ல. நேத்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாங்க. இறுக்கிப் பிடிங்கன்னேன், பிடிச்சாங்க. விடுங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஏய்யா, மதுரை வண்டி வந்துருச்சு, வைக்கேன்"னு வச்சுட்டாங்க.